‘போட்டோவ எடுத்துடு’: முகம், பதிவேடு, அதிகாரம்

மூலக்குளத்தில் சாலையோரம் நிற்கும் பிளக்ஸ் தட்டிகளில் பெண்முகங்கள் மூன்று சந்தர்ப்பங்களில்தான் வருகின்றன. மஞ்சள் நீராட்டு விழா, திருமணம், கண்ணீர் அஞ்சலி. (கட்சித் தலைவிகளின் முகம் தனிக் கணக்கு.) மற்ற நாட்களில் அந்தத் தட்டிகள் ஆண்களுக்குரியவை. பிறந்தநாள் காணும் அண்ணன், அவரை வாழ்த்த வயதில்லாமல் வணங்கும் தம்பிகள், கீழே பாஸ்போர்ட் அளவில் வரிசையாக இன்னும் இருபது பேர். இதே தெருக்களில் குடியிருக்கும் பெண்களின் எண்ணைச் செல்போனில் பதிந்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் வருவது பெரும்பாலும் ரோஜாப்பூ, யாரோ பெற்ற வெள்ளைக்காரக் குழந்தை, பிள்ளையார், நடிகை, அதுவும் இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் வெறும் தலையும் தோளும். பதின்மூன்று வயது மகளின் முகத்தைப் பத்தடிக்கு எட்டடி பிளக்ஸில் அடித்து ஊர் பார்க்க நிறுத்திய அதே அப்பா, அவள் கல்லூரிக்குப் போனதும் ‘போட்டோவ எடுத்துடு, எவன் கண்ணுலயாவது பட்டா என்னா ஆவறது’ என்கிறார். முரண்பாடு போலத் தோன்றும். முரண்பாடே இல்லை. இரண்டு சமயத்திலும் அந்த முகம் அவருடையதாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய விஷயமாக எடுத்துக்கொள்வதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நிலம், கூலி, சாதிக் கலவரம் என்று ஆயிரம் இருக்க ‘டிபி’ மாற்றுவதைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் காட்டச் சொல்வதும் மறைக்கச் சொல்வதும் செல்போனோடு வந்து சேர்ந்த பழக்கங்கள் இல்லை. அவற்றுக்கு ஒரு நூற்றைம்பது வருஷ வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள் சாதி இருக்கிறது, காலனியம் இருக்கிறது, துப்பாக்கிச் சூடும் இருக்கிறது.

‘புரொஃபைல்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பக்கவாட்டில் தெரியும் முகத்தின் கோட்டுருவத்துக்குப் பெயர் அது. 1880களில் பாரிஸ் போலீசில் எழுத்தராக இருந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், கைதானவர்களின் உடலை அங்கம் அங்கமாக அளந்து அட்டையில் குறித்து, நேர்முகமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று ஒட்டிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பக்கவாட்டுப் படம் எதற்கு? கைதி சிரிக்கலாம், முறைக்கலாம், தாடி வளர்க்கலாம். அதனாலெல்லாம் காதின் வடிவமும் மூக்கின் கோடும் மாறிவிடாது. ஆளின் சம்மதம் தேவைப்படாத பகுதி எதுவோ அதுதான் போலீசுக்கு வேண்டிய முகம். ஸ்டுடியோவில் குடும்பத்தோடு எடுத்துக்கொள்ளும் கௌரவப் படமும் போலீஸ் அட்டையில் ஒட்டப்படும் படமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டே வளர்ந்தவை என்று ஆலன் செகுலா 1986இல் எழுதினார். இன்று நாம் ‘புரொஃபைல் பிக்சர்’ என்று சொல்வதில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. தலைவாரிப் பூவைத்து எடுத்துக்கொள்வது ஸ்டுடியோ படம். போய்ச் சேருவது பதிவேட்டில்.

நம் பக்கத்தில் இந்தப் பதிவேட்டு வேலையை ஆகப் பெரிய அளவில் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தலையளவு, மூக்களவு எடுக்கும் கருவிகளோடும் கேமராவோடும் ஊர் ஊராக, மலை மலையாகப் போனார். விளைவு, 1909இல் கே. ரங்காச்சாரியின் உதவியோடு ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல். இன்றைக்கும் ஒவ்வொரு சாதிச் சங்கத்துக்காரரும் தன் குலப்பெருமைக்கு அதிலிருந்துதான் மேற்கோள் எடுக்கிறார் என்பது ஒரு வேடிக்கை. அது இருக்கட்டும். வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்று தர்ஸ்டனே பதிவு செய்திருக்கிறார். தங்களில் நல்ல உருப்படிகளாகப் பார்த்துப் பிடித்துப்போய், பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் பயந்தார்களாம். அவர் அதை நகைச்சுவையாகத்தான் சொல்கிறார். எனக்கு அந்தப் பெண்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றே படுகிறது. பஞ்சு மட்டும்தான் அடைக்கவில்லை. ‘போட்டோ எடுத்தா ஆயுசு கொறயும்’ என்று நம் பாட்டிமார் சொன்னதையும் மூடநம்பிக்கை என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட முடியாது. தன் உருவம் தன் கையைவிட்டுப் போய் யாரோ ஒருவரின் அலமாரியில் உட்கார்ந்துகொள்கிறது என்ற உணர்வு அதில் இருக்கிறது.

ஓடிய பெண்களை தர்ஸ்டனோடு விட்டுவிட்டு, ஓடாமல் நின்றவர்களிடம் வருவோம். 1871இல் வட இந்தியாவுக்காகப் போடப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் வாயில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று அறிவித்து, வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவரும் வந்து விரல் ரேகையைப் பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போனால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது அது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள்மேல் இதை நடைமுறைப்படுத்தப் போனபோது, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. பதினாறு பதினேழு உயிர்கள் போயின. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். முகத்துக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பதிவேட்டின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உடலின் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டால், முழு ஆளை எந்த இரவிலும் எழுப்பலாம். பெருங்காமநல்லூரில் செத்தவர்கள் தங்கள் உடலின் ஒரு துண்டைப் பதிவேட்டுக்குத் தர மறுத்துச் செத்தவர்கள். அந்தப் போராட்டத்தைச் சாதிப் பெருமையின் கதையாக மட்டும் சுருக்கிவிட்டதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

அதே 1920இல் இன்னொரு சட்டமும் வந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கைதிகளை அடையாளம் காணும் சட்டம். அளவும் படமும் எடுக்க போலீசுக்கு அனுமதி கொடுத்த அந்தச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தது. 2022இல் அதை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த புதிய சட்டம் கண்ணின் கருவிழிப் படம் வரை எடுக்கலாம், 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. 2021 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது ஹைதராபாத் தெருவில் போலீசார் ஒரு சமூகச் செயல்பாட்டாளரை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். முகத்தை மூடாவிட்டால் அபராதம் போட்ட அதே காலத்தில், அதே போலீஸ்.

ரேகைச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம் ஊரில் நடந்தது பெர்த்தியோனின் சொந்த நாட்டு ஆட்சி. அந்த ஆட்சி மக்களின் முகத்தை என்ன செய்யும் என்பதைக் காண புதுச்சேரியைவிட்டு அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும். தூரம் அதிகம்தான், ஆனால் காலண்டரில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறிய 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிய தேதியும். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தடிக்கப்பட்டது. அல்ஜீரியா விடுதலையானது அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜூலை 5இல். நம் தெருவில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சொல்தாக்களின் உலகமும் அந்த உலகமும் ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு அறைகள்.

1960இல் அல்ஜீரியாவில் கட்டாய ராணுவ சேவையில் இருந்த மார்க் கராஞ்சே என்ற இளைஞருக்கு ஓர் உத்தரவு வந்தது. கிராமங்களைக் காலி செய்து, ஜனங்களை முள்வேலிக் குடியிருப்புகளில் அடைத்திருந்த நேரம். எல்லோருக்கும் அடையாள அட்டை, அதற்குப் படம். பெண்கள் முக்காட்டை நீக்க வேண்டும். பத்து நாட்களில் ஏறக்குறைய 2000 பெண்களை அவர் படம் எடுத்தார். ஒரு நாளைக்கு 200 முகம். தங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் காட்டியிராத முகத்தை, பக்கத்தில் துப்பாக்கி நிற்க, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் படங்கள் 1982இல் புத்தகமாக வந்தன. பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெண்கள் கேமராவைப் பார்க்கும் பார்வை எப்படிப்பட்டது என்று. முக்காட்டைத்தான் எடுக்க முடிந்தது. இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1959இல், ஃபிரான்ஸ் ஃபனான் அல்ஜீரியப் பெண்ணின் முக்காட்டைப் பற்றி எழுதிவிட்டார். காலனியவாதி அந்த முக்காட்டை நீக்கத் துடிப்பது அவளுடைய விடுதலைக்காக இல்லை, தன்னைப் பார்த்துக்கொண்டு தன்னால் பார்க்கப்படாமல் ஒருத்தி இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 2010இல் பொது இடத்தில் முகத்தை மூடுவதற்குத் தடை போட்ட பிரெஞ்சுச் சட்டத்தை இந்த வரிசையில் வைத்துத்தான் நாம் வாசிக்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அரசு முகத்தைக் கேட்கிறது என்பதால் மறைப்பதெல்லாம் எதிர்ப்பு ஆகிவிடாது. மறைக்கச் சொல்லும் வீடும் ஓர் அரசுதான். அதற்கும் பதிவேடு இருக்கிறது, தண்டனை இருக்கிறது. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, ஒளித்து ஒளித்து எழுதி, ‘சல்மா’ என்ற புனைபெயருக்குப் பின்னால் நின்று கவிதைகளை வெளியே அனுப்பிய பெண்ணின் கதை நமக்குத் தெரிந்தது. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ வந்தது. மறுவருஷம் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, கவிதைக்காக வெளியே வரக்கூடாதிருந்த அவரை அதே குடும்பம் வேட்பாளராக வெளியே நிறுத்தியது. மறைத்ததும் காட்டியதும் ஒரே கைதான். அவர் அதைத் தனக்குரிய வாசலாக மாற்றிக்கொண்டது அவருடைய சாமர்த்தியம்.

வீடும் அரசும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் படம் அச்சிடப்போகிறார்கள், கோஷாப் பெண்களுக்கு விலக்கு வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் அது தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டை விசாரித்த உச்சநீதிமன்றம் 2010 ஜனவரியில், மத உணர்வு அவ்வளவு வலுவாக இருந்தால் ஓட்டுப்போடப் போக வேண்டாம் என்ற ரீதியில் பேசியது.  படம் யாருடையதோ அவள் எங்கே என்று கேட்கவேண்டியது நாம்தான்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. படம் நீங்கவில்லை. காவலர் ஒருவர் வேலையைச் செய்ய செல்போன் லஞ்சமாகக் கேட்டார் என்ற புகார் பிறகு வெளிவந்து, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதற்குள் இரண்டாவது படம் வந்துவிட்டது. தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்று எழுதிவைத்துவிட்டு அந்தப் பெண் தூக்கில் தொங்கினார். இந்த மரணத்தில் ஒரு ஃபேஸ்புக் அயோக்கியன் மட்டும் குற்றவாளி என்று முடித்துக்கொள்வது வசதியானது. காவல் நிலையம், ஊர், வீடு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் அவரிடம் கேட்டிருப்பார்கள்: ‘நீ எதுக்கு போட்டோ போட்ட?’ இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட பரம்பரை உண்டு. ‘அந்நேரத்துக்கு அங்க எதுக்குப் போன?’ என்பது அதன் அக்கா.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2017 ஜூனில், ஃபேஸ்புக் நிறுவனம் உலகிலேயே முதலாவதாக இந்தியாவில் ‘புரொஃபைல் பிக்சர் கார்டு’ என்றொரு வசதியைத் தொடங்கியது. தங்கள் முகம் உள்ள படத்தை இணையத்தில் போட இந்தியப் பெண்கள் தயங்குகிறார்கள், படம் என்ன ஆகும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது என்று நிறுவனமே சொன்னது. படத்தைச் சுற்றி நீலக் கரை, அடியில் ஒரு கேடயம். மற்றவர் இறக்க முடியாது, பகிர முடியாது. இதைவிடச் சுவாரசியம் இன்னொன்று. படத்தின்மேல் ஒரு வடிவமைப்பைப் படரவிட்டால் அதைத் திருடுவது குறைந்தது 75 சதவீதம் குறைகிறது என்று தங்கள் சோதனையில் தெரிந்ததாகச் சொல்லி, அதற்கான டிசைன்களையும் கொடுத்தார்கள். பாந்தினி, காந்தா முதலான நம் நாட்டுத் துணி வேலைப்பாடுகளின் சாயலில் வரையப்பட்டவை அவை. அதாவது எலெக்ட்ரானிக் துப்பட்டா! கலிபோர்னியாவில் உட்கார்ந்து நம் சித்தப்பா, பெரியப்பாக்களின் புத்தியை எப்படிப் பிடித்தார்கள் என்று வியக்கத் தோன்றுகிறது. உண்மையில் வியக்க ஒன்றுமில்லை. சந்தைக்கு முகம் வேண்டும். முகம் வருவதற்கு மரபு தடையாக இருந்தால் மரபையே ஒரு பொத்தானாக்கித் தந்துவிடுவது முதலாளியத்தின் வழக்கம். கேடயத்தை யார் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பாருங்கள். திருடுகிறவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த நிறுவனமே அப்போது கோடிக்கணக்கான முகங்களை அளந்து அச்சு எடுத்து வைத்திருந்தது. 2021 நவம்பரில் அதை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முக அச்சுகளை அழிப்பதாக அறிவித்தபோதுதான் பதிவேட்டின் கனம் நமக்குத் தெரிந்தது. தர்ஸ்டனுக்குக் கிடைத்ததோ ஏழு தொகுதி.

எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற யோசனையின் வண்டவாளம் 2021 ஜூலையில் வெளிப்பட்டது. முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுடைய ட்விட்டர் கணக்கிலிருந்து எடுத்து, ‘ஏலம்’ என்று போட்டு ஒரு செயலி வந்தது. 2022 புத்தாண்டு அன்று இன்னொன்று. குறிவைக்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், விமானி இருந்தார், காணாமற்போன ஜேஎன்யூ மாணவர் நஜீபின் தாயும் இருந்தார். பேசுகிற பெண்கள் என்பது ஒன்றுதான் பொது அம்சம். இந்தப் பெண்களுக்கு ‘எடுத்துடு’ என்று சொல்வது, பேசாதே என்று சொல்வதுதான். சிலர் கணக்கையே மூடிக்கொண்டு போனார்கள். சிலர் படத்தை மாற்றாமல் போலீசுக்குப் போனார்கள். இரண்டில் எது வீரம், எது கோழைத்தனம் என்று மார்க் போடும் உரிமை வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இல்லை.

மறைத்தல், காட்டுதல் இரண்டின் அர்த்தமும் எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஈழம்தான் நமக்குப் பாடம். அங்கே முகத்தை மறைத்துக்கொண்டு வந்தவன் தலையாட்டி. சாக்குப் பையால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு ராணுவம் கூட்டிவரும். சுற்றிவளைக்கப்பட்ட ஊர் வரிசையில் நிற்கும். அவன் யாருக்கு நேராகத் தலையை ஆட்டுகிறானோ அவர் ஏற்றப்படுவார். எல்லோர் முகமும் திறந்திருக்க ஒரே ஒரு முகம் மூடியிருந்தது. அதிகாரம் அந்த மூடிய முகத்தில் இருந்தது. இன்னொரு பக்கம், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வவுனியா, முல்லைத்தீவு என்று தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்த தாய்மார். கையளித்த, கூட்டிச்செல்லப்பட்ட பிள்ளைகளின் முகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக இருந்தார்கள். அந்தப் படங்களில் பல, அடையாள அட்டைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கியவை என்று பார்த்தாலே தெரியும். பதிவேடு தனக்காகக் கேட்டு வாங்கிய முகத்தை, பதிவேட்டைப் பார்த்து ‘இவன் எங்கே’ என்று கேட்பதற்காகத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரிடம் முகத்தை மறைக்கும் உரிமை என்று நாம் பேசினால் சிரிப்பார்கள்.

புதுச்சேரிக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, இங்குள்ள வாக்காளர்கள் பலருக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டால் அவரவர் வாக்குச்சாவடிக்கான வாட்ஸ்அப் குழு. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் இது வருகிறது, பாரதிய ஜனதா கட்சிக்கு இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டு இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். கட்சி மறுத்தது, தன் ஊழியர்கள் சேகரித்த எண்கள் என்றது. ஆதார் ஆணையம் இதை விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஏப்ரல் 6இல் தேர்தல் நடந்து முடிந்தது. பத்திரிகைகள் இதைத் தேர்தல் முறைகேடு, தகவல் திருட்டு என்ற கோணத்தில் எழுதின. சரிதான். அந்தச் செய்திகளில் இடம்பெறாத ஒன்று உண்டு. வாக்குச்சாவடிக் குழு என்றால் தெருக் குழு. அதில் சேர்ந்த ஒரு பெண்ணின் எண் தெருவிலுள்ள அத்தனை ஆண்களுக்கும் போய்ச் சேர்கிறது. அவள் மறைத்து வைத்திருக்காவிட்டால் படமும் கூடவே போகிறது. எல்லோரும், என் தொடர்பிலுள்ளவர்கள், யாருமில்லை என்று மூன்று கதவுகள்தான் அப்போது வாட்ஸ்அப்பில் இருந்தன. அத்தை பார்க்கலாம், எதிர்வீட்டுக்காரன் பார்க்கக்கூடாது என்று ஆளைப் பிரித்துவைக்கும் நான்காவது கதவு 2022 ஜூனில்தான் எல்லோருக்கும் வந்தது. தேர்தல் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.